தோற்றவருக்கு உரிய மஞ்சள் தாள்

"எழுத்துப் பிழை மட்டும் பாருங்க டீச்சர், வேற ஒண்டும் வாணாம்" என்று சொல்லித்தான் அர்கம் அந்த நான்கு தாள்களையும் றலியா டீச்சரின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அர்கம் வங்கியில் வேலை. மாலையில் கூடைப்பந்துக் கழகத்தின் செயலாளர். விழா என்றால் ஒலிபெருக்கியும் அவர்தான். நல்ல மனிதர். 1997இல் அவருக்கு ஆறு வயது. ஆகவே தான் யாரிடம் எதைக் கொடுத்தோம் என்பது அவருக்குத் தெரியாது.

தாள்களின் தலைப்பு: 'ஹந்தானை சர்வதேச அழைப்புக் கிண்ணம் – ஒரு பொன்னான வரலாறு.' கழகத்தின் புதிய பவிலியன் திறப்பு விழாவுக்காக எழுதப்பட்டது. விழா மலரில் அச்சாகும். அதன் சுருக்கம் சலவைக் கல்லில் வெட்டப்பட்டுச் சுவரில் ஏறும். டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்து, முதல் மூன்று தாள்களில் பதினாறு ஒற்றெழுத்துகளைப் போட்டு, நான்காம் தாளுக்கு வந்தார். அங்கே இப்படி இருந்தது:

'1997ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் கண்டி அணி 72–71 என்ற புள்ளிகளில் வெற்றி வாகை சூடியது. எனினும் புள்ளிப் பதிவாளரின் தவறு காரணமாக எழுந்த சர்ச்சையால் வெளிநாட்டு அணிகள் மீண்டும் வர மறுத்தன. சுற்றுப்போட்டியும் நின்றுபோனது.'

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். முப்பத்தாறு வருடம் கணிதம் படிப்பித்தவர். அவர் கண்ணாடியைக் கழற்றினால் கட்டுகஸ்தோட்டையில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் அவசரமாகக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள்.

"என்ன, நெறயப் பிழையா?" என்று கேட்டார் கணவர் மர்சூக். துணிக்கடைகளுக்கு மொத்த வியாபாரம் செய்து ஓய்ந்தவர். இப்போது பத்திரிகையில் மரண அறிவித்தல்களைப் படிப்பதே அவருக்கு முழுநேர வேலை.

"ஒரே ஒரு பிழைதான். நான்."

ஹந்தானைக் கிண்ணத்தின் வரலாறு அந்த நான்கு தாளில் இருந்ததைவிடச் சுவையானது. அது 1984இல் கண்டியில் தொடங்கியது. முதல் வருடத்தின் சர்வதேசம் முழுவதும் ஒரே ஆள். விக்டோரியா அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பொறியியலாளர், ஆறடி மூன்றங்குலம். அணை கட்டத் தெரிந்த அந்த மனிதருக்குப் பந்து மட்டும் கையில் நிற்காது. ஆனாலும் பதாகையில் 'சர்வதேச' என்ற சொல் மற்ற எல்லாச் சொற்களையும்விடப் பெரிதாக இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அடுத்த வருடமே சொல் மெய்யானது. மதுரையிலிருந்து வந்தார்கள், கராச்சியிலிருந்து வந்தார்கள், மாலைதீவிலிருந்து வந்தார்கள். மலேசியாவிலிருந்து ஓர் அணி வந்து, மழையில் நனைந்து, பன்னிரண்டு பேரும் தடிமன் பிடித்து, கொத்தமல்லித் தண்ணீர் குடித்துவிட்டு நான்காம் இடத்தோடு ஊர் திரும்பியது. ஆடுகளத்துக்குக் கூரை இல்லை. மழை வந்தால் சாக்குப் போட்டுத் துடைத்துவிட்டு ஆடுவார்கள். நாட்டில் யுத்தம் நடந்தது, கலவரம் நடந்தது, ஊரடங்கு வந்தது. அதற்குள்ளும் பதின்மூன்று வருடம் வெளிநாட்டார் வந்தார்கள். யுத்தத்துக்குப் பயப்படாத அந்த மனிதர்கள் கடைசியில் எதற்குப் பயந்து நின்றார்கள் என்று எழுத வந்தவர்கள்தான் றலியா டீச்சரைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

அவர் புள்ளி மேசைக்கு வந்தது 1987இல். அரையிறுதி நடக்கும்போது பார்வையாளர் பக்கத்தில் தடித்த அட்டை போட்ட ஒரு சிஆர் கொப்பியை மடியில் வைத்துத் தன்பாட்டில் புள்ளி எழுதிக்கொண்டிருந்தார். இருபத்துமூன்று வயது. மேசையில் இருந்த உத்தியோகபூர்வ மனிதர் தேநீருக்கு எழும்பிப் போய், திரும்பி வந்து, யாரோ செய்த ஃபவுலை வேறு யாரோ பெயரில் போட்டுவிட்டார். களத்தில் கைகலப்பு. நடுவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, "அது ஏழாம் நம்பர் இல்ல, பதினோராம் நம்பர். என்கிட்ட எழுதி ஈக்கி" என்று ஒரு பெண்குரல் கேட்டது. கொப்பி சரி. மேசை பிழை. மறுநாள் முதல் மேசையில் அவர்.

அந்த மேசைக்கு ஒரு மார்க்கம் உண்டு. புள்ளித்தாள் ஒன்றன் கீழ் ஒன்றாக, கார்பன் வைத்து எழுதப்படும். முதற்பாதி சிவப்புப் பேனா, இரண்டாம் பாதி நீலம். ஆட்டம் முடிந்ததும் கடைசிப் புள்ளியைச் சுற்றித் தடித்த வட்டம், கீழே இரண்டு கோடு. நடுவர் கையெழுத்து வைத்தால் முடிந்தது. "அதுக்குப் பொறகு வானத்துலேந்து மலக்கு எறங்கி வந்தாலும் மாத்த ஏலாது" என்பது டீச்சரின் வாய்ப்பாடு. பிறகு தாளைப் பிரிப்பார்கள். வெள்ளை ஏற்பாட்டாளருக்கு. இளஞ்சிவப்பு வென்றவருக்கு. மஞ்சள் தோற்றவருக்கு. பதினொரு வருடத்தில் எத்தனையோ மஞ்சள் தாள்களைக் கொடுத்திருக்கிறார். அழுதுகொண்டு வாங்கினார்கள், கசக்கிக்கொண்டு வாங்கினார்கள். ஆனால் வாங்கினார்கள்.

1997 இறுதிப் போட்டியில் கண்டிக்கு எதிரே மாலைதீவுக் கழகம் ஒன்று. பிரதம அதிதி நான்கு மணிக்கு வந்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு. நாலரை வரை பார்த்துவிட்டு, மழை இருட்டிக்கொண்டு வரவே ஆட்டத்தைத் தொடங்கினார்கள். மூன்று நிமிடமும் சில விநாடிகளும் மிச்சம் இருக்கும்போது, கண்டி 64, மாலைதீவு 65, ஊரே எழுந்து நிற்கும் நேரத்தில், பிரமுகர் வந்து சேர்ந்தார்.

எந்த ஊரிலும் என்ன செய்வார்கள்? ஒரு கதிரையைக் காட்டி உட்காரச் சொல்வார்கள். நம்மூரில் ஆட்டத்தை நிறுத்தினார்கள். மேளம் வந்தது. வெற்றிலை வந்தது. ஆடுகளத்தின் நடுவட்டத்திலேயே குத்துவிளக்கு வந்தது. ஆறு திரி, ஆறு பிரமுகர், காற்றில் அணைந்த இரண்டு திரியை மீண்டும் ஏற்ற ஏழாவது பிரமுகர். அதுவரை வியர்த்து நின்ற ஆட்டக்காரர்களின் கால் தசை இறுகிப் போனது. பிறகு, முடிய இருக்கும் சுற்றுப்போட்டியை 'ஆரம்பித்து வைக்கும் முகமாக' பிரதம அதிதி ஒரு பந்தைக் கூடைக்குள் எறிய வேண்டும் என்றார்கள்.

முதல் எறி கூடைக்குக் கிட்டவும் போகவில்லை. இரண்டாவது பலகைக்கு மேலால் போய் வாகனத் தரிப்பிடத்தில் விழுந்தது. மூன்று, நான்கு, ஐந்து, சொல்ல வேண்டாம். ஆறாவதுக்கு அவரைக் கூடைக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்தினார்கள். விழுந்தது. கூட்டம் அலறியது. ஒலிபெருக்கியில் இருந்தவர், அந்தச் சந்தோசத்தில், "கண்டிக்கு இரண்டு புள்ளி!" என்று கத்தினார்.

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். ஆனால் இலக்கப் பலகையைத் திருப்பும் மனிதர் பதினான்கு வருடமாக ஒலிபெருக்கிக்குக் கீழ்ப்படிந்தே பழகியவர். திருப்பினார். 64 போய் 66 வந்தது. பிரமுகர் கதிரையில் அமர்ந்து, தான் போட்ட புள்ளியைத் தன் மனைவிக்கு விரல் நீட்டிக் காட்டினார். அந்த விரலுக்கு முன்னால் போய்ப் பலகையைத் திருப்பி 64 ஆக்க கண்டி மாநகரத்தில் ஓர் ஆண்பிள்ளை இருக்கவில்லை.

றலியா எழுதவில்லை. பக்கத்தில் நேரக் கணிப்பாளர் வடிவம்மா, ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவர். "வாட்ச்ச நான் நிப்பாட்டிட்டேன்டி. நிக்கிற நேரத்துல ஏது புள்ளி?" என்றார். "நிண்டா என்ன, ஓடினா என்ன, அவர் போட்டது கண்டி காக்கிற கூடையில. கணக்கெடுக்கிறதெண்டா மாலைதீவுக்குத்தான் சேரணும்" என்றார் றலியா. இருவரும் சிரித்தார்கள். அதுதான் அந்த மேசையில் அவர்கள் சிரித்த கடைசிச் சிரிப்பு.

ஆட்டம் முடிந்தபோது பலகையில் 72–71. தாளில் 70–71. நடுவர் தாளைப் பார்த்துக் கையெழுத்து வைத்தார், பிரமுகர் பலகையைப் பார்த்துக் கிண்ணம் கொடுத்தார். நடுவர் யாருக்கும் முகம் கொடுக்காமல் வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார். இளஞ்சிவப்புத் தாளை றலியா மாலைதீவுத் தலைவரிடம் கொடுத்தார். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, "இது போதும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நடந்தார். பிறகு றலியா மஞ்சள் தாளோடு கண்டித் தலைவர் கணேஸிடம் போனார். கணேஸ் இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சள் ஒங்களுக்கு."

"எனக்குக் கை இல்லியே மிஸ்" என்றார் கணேஸ். அணி முழுவதும் சிரித்தது.

அடுத்த வருடம் அழைப்பு போனது. மதுரை பதில் போடவில்லை. கராச்சிக்கு வேறு வேலை வந்தது. மாலைதீவு மட்டும் பதில் எழுதியது. 'உங்கள் பிரதம அதிதி எந்த அணிக்கு ஆடுகிறார் என்று முன்கூட்டியே அறிவித்தால் எங்களுக்கு வசதியாக இருக்கும்.' ஹந்தானைக் கிண்ணத்தின் மரண அறிவித்தல் அவ்வளவுதான். வெள்ளைத் தாளைக் கழகத்தில் கறையான் தின்றதாகச் சொன்னார்கள். கறையானுக்கு அந்த அலுமாரியில் வேறெந்தத் தாளும் பிடிக்கவில்லை.

ஆனால் செத்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே. பிரமுகரைச் சொல்ல முடியாது. ஒலிபெருக்கிக்காரர் பிரமுகரின் மச்சான். பலகைக்காரர் பாவம். மிஞ்சியது மேசையில் இருந்த பெண். 'கணக்கு டீச்சருக்கே கூட்டத் தெரியாதாம்' என்ற கதை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து வீட்டுக்கு வர ஒரு வாரம் பிடித்தது. டியூசனுக்கு வந்த பிள்ளைகளில் பாதியைப் பெற்றோர் நிறுத்தினார்கள். ஒருநாள் காலை வகுப்புக்குப் போனால் கரும்பலகையில் யாரோ எழுதியிருந்தார்கள்: 70 = 72. நிறுவுக.

அழிக்காமல் அதற்குக் கீழேயே அன்றைய பாடத்தைத் தொடங்கினார். ஆனால் இருபத்தெட்டு வருடமாக அந்தச் சமன்பாடு மண்டைக்குள் அழியாமல் நிற்கிறது. இப்போது அதைக் கல்லில் வெட்டப் போகிறார்கள்.

மறுநாள் காலை அலுமாரியைத் திறந்து, கடவுச்சீட்டும் காணி உறுதியும் இருக்கும் உறையிலிருந்து மஞ்சள் தாளை எடுத்தார். மடிப்பில் மட்டும் சற்று வெளுத்திருந்தது. பஸ் ஏறினார்.

கணேஸ் இப்போது கழகத் தலைவர். புசல்லாவையிலிருந்து பஸ்ஸில் வந்து படித்தவர், இன்று அந்தப் பாதையில் ஓடும் பாதிப் பஸ்களுக்கு உதிரிப்பாகம் அவர் கடையில்தான். டீச்சரைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க டீச்சர், வாங்க! ஒக்காருங்க. டீ சொல்லவா?"

"டீ வாணாம். இந்த நாலாம் தாள் யார் எழுதின?"

அவர் கண்ணாடி போட்டு வாசித்தார். வாசித்த இடத்தில் முகம் கொஞ்சம் அசைந்தது. "பழைய கததானே டீச்சர். அதுல ஒங்க பேரு இல்லியே. சும்மா புள்ளிப் பதிவாளர்னுதானே போட்டிருக்கு."

"பதினொரு வருஷம் அந்த மேசையில எத்தன பேர் எழுதின? நான் ஒருத்தி. என்ட பேர வெட்டினாலும் ஒண்டுதான், வெட்டாட்டியும் ஒண்டுதான்."

"கல்லு வெட்டக் குடுத்தாச்சே."

"வெட்டினத்துக்குப் பொறகும் வெட்டலாம்." டீச்சர் மஞ்சள் தாளை மேசையில் விரித்தார். பிரேக் பட்டைகளுக்கும் கிரீஸ் டப்பாவுக்கும் நடுவே அது கிடந்தது. "இதக் கொஞ்சம் பாருங்க. அடியில ஒரு இடம் ஈக்கி. முடிவுல சம்மதம் இல்லாட்டி அணித்தலைவர் ஒப்பம் வைக்கிற இடம். நீங்க வச்சீங்களா?"

கணேஸ் குனிந்து பார்த்தார். அந்த இடம் இருபத்தெட்டு வருடமாக வெறுமையாகவே இருந்தது.

"வைக்கல்ல" என்றார் டீச்சர். "ஏன் வைக்கல்ல, செல்லுங்க. ஒங்களுக்குத் தெரியும், தோத்துட்டீங்க எண்டு. ஒங்களோட ஆடின நாலு பேருக்கும் தெரியும். விளக்கு ஏத்தினவங்களுக்கும் தெரியும். நான் பிழையா எழுதினா அண்டைக்கே ஒப்பம் வச்சி மொறைப்பாடு போட்டிருக்கணும். கிண்ணத்தைத் தூக்கக் கை இருந்திச்சி, பேனா தூக்கக் கை இல்லையா?"

கடையில் கிளட்ச் வாங்க வந்தவர் ஒருவர் கிளட்சை மறந்து நின்றார்.

"மெதுவா டீச்சர், ஆளுங்க இருக்காங்க." கணேஸ் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "அப்ப எனக்கு இருபத்தாறு வயசு. மந்திரிமாரோட ஆளுங்க சுத்தி நிக்கிறாங்க. நான் என்ன பண்றது?"

"எனக்கு முப்பத்துமூணு. நான் எழுதாம ஈந்தேனே."

அவர் கிரீஸ் டப்பாவின் மூடியை எடுத்து இறுக்கி மூடினார். பிறகு, "சரி டீச்சர். அந்த வரிய எடுத்துடுறேன். சத்தியமா" என்றார்.

டீச்சர் தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். சத்தியத்தை நம்பினார் என்று சொல்ல முடியாது. தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டதே அதற்குச் சாட்சி.

திறப்பு விழா சனிக்கிழமை மாலை. நாலு மணிக்கு வர வேண்டிய பிரதம அதிதி ஐந்தே முக்காலுக்கு வந்தார். இவர் வேறு பிரமுகர். நேரம் மட்டும் பழைய நேரம். புதிதாக வாங்கிய மின்சார இலக்கப் பலகையில், பெருமையை நினைவூட்டுவதற்காக, 72–71 என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. டீச்சரும் மர்சூக்கும் மூன்றாம் வரிசை. பக்கத்தில் வடிவம்மா, பேராதனையிலிருந்து முழங்கால் வலியோடு வந்திருந்தார்.

திரை விலகியது. கல் பளபளத்தது. டீச்சர் எழுந்து கிட்டப் போய் வாசித்தார். 'புள்ளிப் பதிவாளரின் தவறு' போயிருந்தது. அந்த இடத்தில் 'புள்ளிப் பதிவில் நேர்ந்த குழப்பம்' என்றிருந்தது. ஒரு எழுத்துப் பிழையும் இல்லை.

"எடுத்துட்டாரா?" என்று கேட்டார் வடிவம்மா.

"பவுடர் போட்டு மறைச்சி ஈக்கார்" என்றார் டீச்சர். கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தார். கைப்பையிலிருந்து பேனாவையும் ஒரு துண்டுக் காகிதத்தையும் எடுத்தார்.

நமது விழாக்களில் ஒலிபெருக்கிக்காரரின் கைக்கு ஒரு துண்டு போனால் அது வாசிக்கப்படும். பாதையை மறித்து நிற்கும் வான் வண்டியின் இலக்கமா, காணாமற்போன சாவியா, நன்கொடையாளரின் பெயரா என்று பார்ப்பதில்லை. கை வாங்கும், வாய் வாசிக்கும், மூளை பின்னால் நடந்து வரும். அர்கம் அந்தக் கலையில் கைதேர்ந்தவர். மாலை போடும் கட்டம் முடிந்து, தலைவர் கணேஸ் மாலையோடு மேடை முன்னால் நின்றபோது, முன்வரிசை வழியாக வந்த துண்டை வாங்கி, வெண்கலக் குரலில் வாசித்தார்:

"அடுத்து, 1997ஆம் ஆண்டு இறுதிப் போட்டியின் மஞ்சள் பிரதியை, தோல்வியடைந்த கண்டி அணியின் தலைவர் திரு. கணேஸ் அவர்கள், புள்ளிப் பதிவாளர் ஜனாபா றலியா அவர்களிடமிருந்து இப்பொழுது பெற்றுக்கொள்வார். இறுதிப் புள்ளிகள்: கண்டி எழுபது, மாலைதீவு எழுபத்தொன்று!"

'எழுபத்தொன்று' என்பதில் அவர் குரல் லேசாகத் தடுக்கியது. மூளை வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் சொல் வெளியே போய்விட்டது. மேளக்காரர்கள், அறிவிப்பு முடிந்தால் அடிப்பதே தங்கள் கடமை என்பதால் அடித்தார்கள். பிரதம அதிதி, எதற்கும் கைதட்டும் பழக்கம் உள்ளவர், கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள்.

டீச்சர் மேடைக்கு ஏறினார். அவசரப்படவில்லை. தாளை ஒரு வெல்வெட் கோப்புக்குள் வைத்திருந்தார். பாராட்டுப் பத்திரம் வைக்கும் கோப்பு. மேடையில் மாலையோடு நிற்கும் மனிதரின் முன்னால் ஒரு கோப்பு நீட்டப்பட்டால் அவருடைய இரண்டு கைகளும் தாமாக எழும். முகம் தானாகப் புகைப்படக்காரர் பக்கம் திரும்பும். கணேஸின் கைகளும் எழுந்தன. வாங்கின. கெமராவின் மின்னல் வெட்டியது.

"இண்டைக்குக் கை ஈக்கிதானே" என்றார் டீச்சர், அவருக்கு மட்டும் கேட்க.

கணேஸ் கோப்பைத் திறந்து பார்த்தார். மூடினார். அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. பிரதம அதிதி அவருடைய தோளைத் தட்டி, "வாழ்த்துகள்" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது வடிவம்மா முழங்கையால் மர்சூக்கை இடித்தார். "அங்க பாருங்க." மின்சாரப் பலகையை இயக்குபவர், ஒலிபெருக்கி சொன்னதைக் கேட்டு, தன் கடமையைச் செய்திருந்தார். 72 அணைந்தது. 70–71 எரிந்தது. செயற்குழுவில் இரண்டு பேர் எழுந்தார்கள். பலகைக்கு நேர் முன்னால் பிரதம அதிதி இருப்பதைப் பார்த்து மீண்டும் உட்கார்ந்தார்கள். அவர் சிற்றுண்டி சாப்பிட்டு முடித்துப் போகும்வரை, ஐம்பது நிமிடம், அது அப்படியே எரிந்தது.

வெளியே வரும்போது அர்கம் ஓடி வந்தார். முகம் வெளிறியிருந்தது. "டீச்சர், என்ன இப்படிச் செஞ்சிட்டீங்க? தலைவர் என்னத் திண்டுருவார்."

"வாசிச்சது நீங்க. எழுத்துப் பிழை ஏதும் ஈந்திச்சா?"

"இல்ல..."

"அப்ப என்ன?"

மர்சூக் முச்சக்கர வண்டியை நிறுத்தினார். ஏறி உட்கார்ந்ததும் கேட்டார், "இப்ப மனசு ஆறிச்சா?"

"எதுக்கு ஆறணும்? கல்லு அங்கதானே ஈக்கி" என்றார் டீச்சர். கண்ணாடியை இன்னும் போடவில்லை. "திங்கக்கிழம செயற்குழு கூடுது. நான் போறேன். வடிவமும் வாட்ச்சோட வாரா."

"கல்லுல வெட்டினத எப்படி மாத்துவாங்க?"

"ஏன், கல்லு வெட்டினவன்ட உளி மொட்டையாப் போச்சா?"